பூக் கேட்கிற மேஸ்திரி

மைசூர் சயாஜி ராவ் ரோட்டுத் தையல் கடைகளில் ஆறுமுகசாமி மேஸ்திரியின் வெட்டுக்கு ஒரு தனி மரியாதை இருந்தது. அவர் வெட்டிய கோட்டைப் போட்டுக்கொண்டால் கூன் விழுந்தவன்கூட நிமிர்ந்து நிற்பதுபோலத் தெரிவான் என்பார்கள். அதே மூச்சில் இன்னொன்றும் சொல்வார்கள். துணியைக் கொடுத்துவிட்டு அவசரப்படக் கூடாது. சாமி உத்தரவு கொடுத்தால்தான் மேஸ்திரியின் கத்தரிக்கோல் துணியில் இறங்கும்.

கேலிப் பேச்சுதான், ஆனாலும் விஷயம் உண்மை. மண்டி மொஹல்லாவில் அவர் குடியிருந்த வீட்டின் முன்னறைச் சுவரில் கண்ணாடி போட்ட மாதேசுவரன் படம் ஒன்று மாட்டியிருந்தது. காலையில் குளித்ததும், கொல்லையில் நின்ற நந்தியாவட்டைச் செடியிலிருந்து இரண்டு இதழ் கிள்ளி, தண்ணீரில் நனைத்து, படத்துக் கண்ணாடியில் வலப்பக்கம் ஒன்றும் இடப்பக்கம் ஒன்றுமாக ஒட்டுவார். கேள்வியை மனசுக்குள் சொல்லிக்கொண்டு எதிரே சம்மணம் போட்டு உட்காருவார். ஈரம் உலர உலர இதழின் ஓரம் தூக்கும், சுருளும், கடைசியில் உதிரும். வலது முதலில் உதிர்ந்தால் செய்யலாம். இடது உதிர்ந்தால் கூடாது. ஒரு விஷயத்தை இரண்டு முறை கேட்கக் கூடாது என்பது அவர் போட்டுக்கொண்ட சட்டம்.

அவருக்குச் சொந்த ஊர் கொள்ளேகாலுக்கு அப்பால் ராமாபுரம். அந்தப் பக்கத்துக் கோயில்களில் பூக் கேட்பது வழக்கம்தான். கல்யாணம், கிணறு, பாகப் பிரிவினை என்று ஒரு குடும்பம் ஆயுசுக்கு நாலைந்து தடவை கேட்கும்; பூசாரி பார்த்துச் சொல்வார்; அத்தோடு சரி. ஆறுமுகசாமி அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது நாற்பத்து நாலாம் வருஷம். தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போகக் கிளம்பிய காலையில், என்ன தோன்றிற்றோ, விளையாட்டுப்போல இரண்டு இதழை ஒட்டிப் பார்த்தார். இடது விழுந்தது. சிரித்துக்கொண்டேதான் அடுத்த பஸ்ஸுக்குப் போகலாம் என்று இருந்துவிட்டார். போகவிருந்த பஸ் கொள்ளேகால் தாண்டிப் பள்ளத்தில் உருண்டு மூன்று பேர் செத்துப்போனார்கள். அன்றைக்கு அவருடைய சிரிப்பும் செத்தது.

முதல் வருஷம் பெரிய விஷயங்களுக்கு மட்டும் கேட்டார். அடுத்த வருஷம் கம்பளித் துணி வெட்டுவதற்குக் கேட்டார். வெட்டிய துணி ஒட்டாதே, கேட்டுவிட்டு வெட்டினால் என்ன குறைந்துபோகும் என்று நியாயம் சொல்லிக்கொண்டார். பிறகு பருத்தித் துணிக்கும் கேட்டார். முடி வெட்டிக்கொள்ளவா, தள்ளிப்போடவா என்று கேட்டார். நாடு சுதந்திரம் வாங்கிய அன்று ஊர்வலம் பார்க்கப் போகலாமா என்று கேட்டு, இடது விழுந்து, ஊரே தெருவில் நின்ற நாளில் வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தார். கடை முதலாளி பசவராஜுக்கு அவருடைய கை வேண்டும், ஆகையால் பொறுத்துக்கொண்டார். மேஸ்திரி லேட்டாக வந்தால், சாமிக்கு இன்னும் பொழுது விடியவில்லையா என்று மட்டும் கன்னடத்தில் கேட்பார்.

மேஸ்திரியைச் சொல்லியும் குற்றமில்லை. பதில் எதுவானாலும் அது தன் தலையில் விழாது என்பதில் ஒரு சுகம் இருந்தது. நல்லதானால் சாமி செய்தது, கெட்டதானால் சாமிக்குத் தெரியும். அந்தச் சுகத்தை ஒன்பது வருஷம் ருசித்தவருக்கு, தானாக ஒன்றைத் தீர்மானிப்பது என்றாலே உள்ளங்கை வேர்த்தது.

மனைவி மாதம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள் என்ன கேட்கப்போகிறேன் என்று அவர் ராத்திரியே சொல்வதை மட்டும் கேட்டுக்கொள்வாள். அவள் பாட்டுக்கு வாசல் பெருக்கி, ஜன்னல் கதவைத் திறந்து, அடுப்பு மூட்டி, அவர் எழுந்து வரும்வரை களியை மூடி வைத்திருப்பாள்.

அவள் கழுத்தில் கழலை வந்தது. முதலில் சுண்டைக்காய் அளவு. மேஸ்திரி அவளுடைய ரவிக்கைகளுக்குக் கழுத்தை உயர்த்தித் தைத்துக் கொடுத்தார். கழலை எலுமிச்சம்பழம் ஆயிற்று. ரவிக்கைக் கழுத்து இன்னும் ஒரு விரல் உயர்ந்தது. ஐம்பத்து மூன்றாம் வருஷம் பிறந்தபோது இனிமேல் துணியால் மறைக்க முடியாது என்று ஆகிவிட்டது. படுத்தால் மூச்சு விசில் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, கட்டி மூச்சுக்குழாயை நெருக்குகிறது, பத்து நாள் சொட்டு மருந்து கொடுத்து அறுத்து எடுத்துவிடலாம், தள்ளிப்போடாதீர்கள் என்றார். மேஸ்திரி கேட்டுச் சொல்கிறேன் என்றார். வீட்டில் பெரியவர்களைக் கேட்கப்போகிறார் என்று டாக்டர் நினைத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலையில் கேட்டார். இடது விழுந்தது.

மாதம்மாவிடம் வந்து சொன்னார். சாமி சொன்னால் சரிதான் என்று அவள் உலையில் அரிசியைப் போட்டாள். அவள் முகம் தெளிந்ததைப் பார்த்து அவருக்கும் பாரம் இறங்கியது. நாட்டு வைத்தியரிடம் பற்று வாங்கிப் போட்டார்கள்.

மூன்று மாசம் போயிற்று. மாதம்மாவால் படுக்க முடியவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கினாள். பள்ளிக்கூடம் போகிற மகள் சமையலைப் பார்த்துக்கொண்டாள். ஒரு மத்தியானம் களி உருண்டையை விழுங்கும்போது அது பாதியில் நின்றுவிட்டது. கண் பிதுங்கி, கை காற்றைப் பிடித்து, பக்கத்து வீட்டுக்காரி வந்து முதுகில் குத்தித்தான் மூச்சு திரும்பிற்று. கடையிலிருந்து ஓடிவந்த மேஸ்திரி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நெஞ்சுக்குள் ஒன்றே ஒன்றுதான் ஓடியது: டாக்டர் சொன்னபோதே செய்திருந்தால். அந்த நினைப்பு வந்ததற்காகவே சாமியிடம் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை, தான் போட்ட சட்டத்தைத் தானே மீறி, அதே கேள்வியை இரண்டாம் தரம் கேட்டார்.

இதழ்களை ஒட்டினார். எதிரே உட்கார்ந்தார். மாதம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். பூக் கேட்கிற நேரத்தில் அவள் அந்த அறைக்கு வருவதே இல்லை. அவள் மூச்சு அறை முழுக்கக் கேட்டது. இடப்பக்கத்து இதழின் ஓரம் மெல்லத் தூக்கியது.

"ஏனுங்க," என்றாள் மாதம்மா. "எந்திரிச்சு அந்த ஜன்னலச் சாத்துங்க."

"பேசாத இரு. கேட்டுட்டு இருக்கறன்ல."

"அதுக்குத்தான் சொல்றன். சாமி பக்கத்துல வெய்யிலடிக்குது பாருங்க."

அவர் திரும்பிப் பார்த்தார். படத்துக்கு இடது கைப் பக்கத்தில்தான் கிழக்குப் பார்த்த ஜன்னல். காலை வெயில் சாய்வாக வந்து கண்ணாடியின் இடது பாதியில் மட்டும் விழுந்திருந்தது. காற்றும் அந்த இதழைத்தான் முதலில் தொட்டது. வலது இதழ் நிழலில் ஈரம் குறையாமல் ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஒம்பது வருசமா அந்தக் கதவத் தொறக்கறதும் நாந்தான், சாத்தறதும் நாந்தான்," என்றாள். "தொறந்து வெச்சா எடது விழும். அதச் சாத்திட்டுக் கொல்லக் கதவத் தொறந்தா வலது விழும். ரெண்டாவது வருசமே கண்டுக்கிட்டன்."

மேஸ்திரிக்கு முதலில் அர்த்தமாகவில்லை. பிறகு ஒன்றொன்றாக நினைவுக்கு வந்தது. மகளை ஹைஸ்கூலுக்கு அனுப்பலாமா என்று கேட்ட காலை. மச்சான் கூப்பிட்டாரென்று கடையை விட்டுவிட்டு ஊருக்கே போய்விடலாமா என்று கேட்ட காலை. ஊர்வலத்துக்கு வேண்டாம் என்று விழுந்த காலை.

"எல்லாமுமா?"

"எல்லாம் இல்லீங்க. துணி வெட்டறதுக்குக் கேப்பீங்களே, அதுல நாங் கை வெக்கல. அது சாமி பாடு, உங்க பாடு. ஊர்வலத்தன்னைக்குங்கூட நா இல்ல. கதவச் சாத்த மறந்துட்டன்."

வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் அவருக்குக் கை ஓங்கியிருக்கும். இப்போது கேள்விதான் வந்தது. அறுவைச் சிகிச்சைக்குக் கேட்ட அன்று ஜன்னல் எப்படி இருந்தது என்று கேட்டார்.

"தொறந்துதான் வெச்சன்." அவள் படத்தைப் பார்த்தே பேசினாள். "பயமுங்க. கழுத்துல கத்தி வெக்கறாங்கன்னா... வேண்டாம்னு நானாச் சொல்ல வாய் வரல. சாமி சொன்னதா இருக்கட்டும்னு விட்டுட்டன்."

இடது இதழ் உதிர்ந்தது. இரண்டு பேருமே அதைப் பார்க்கவில்லை.

மேஸ்திரி சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். கடை வரைக்கும் நடந்தார், உள்ளே போகாமல் திரும்பினார், மறுபடி நடந்தார். ஒன்பது வருஷம் மனைவி தன்னை ஏமாற்றினாள் என்று கோபப்பட்டுப் பார்த்தார். கோபம் நிற்கவில்லை. சாமிக்குப் பின்னால் அவள் ஒருமுறை ஒளிந்துகொண்ட இடத்தில்தான் தான் தினமும் ஒளிந்துகொண்டிருந்தோம் என்பது நடக்க நடக்கப் புரிந்தது. மார்க்கெட் முன்னால் ஒரு ஜட்கா வண்டிக்காரன் எங்கே போக வேண்டும் சுவாமி என்று கேட்டான். மேஸ்திரி, வீட்டுக்குப் போய் அங்கிருந்து ஆஸ்பத்திரிக்கு என்றார். சொன்ன பிறகுதான் அதைத் தான் சொன்னது அவருக்கே தெரிந்தது.

மாதம்மா எழுந்திருக்காமல் அதே இடத்தில் இருந்தாள். கிளம்பு என்றதும், பூக் கேட்கவில்லையா என்றாள். கேட்கவில்லை என்றார்.

"தப்பாப் போச்சுன்னா?"

"தப்பாப் போச்சுன்னா நாஞ் சொன்னதுதான், புள்ள. வேற ஆரு மேலயும் போட மாட்டன்."

மாதம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். பிறகு, மாற்றுச் சேலை எடுத்துவைக்கச் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் பத்து நாள் சொட்டு மருந்து ஆரம்பமாயிற்று. மாதம்மாவைத் தேற்றிய அந்தப் பத்து நாள் மேஸ்திரிக்கு நோயைக் கூட்டியது. இதழ் ஒட்டுவதை நிறுத்திய முதல் நாள், கை எங்கே வைப்பது என்று தெரியாமல் இரண்டு தடவை குளித்தார். கையை நிறுத்தினாலும் மனசு நிற்கவில்லை. பார்த்ததெல்லாம் பூவாகிவிட்டது. முனைக்கு முதலில் வருவது சைக்கிளா வண்டியா? ஊசி மூன்றாம் தையலுக்குள் நூலை அறுத்தால் கெட்டது. காக்காய் கூரையின் வலது முனையிலிருந்து பறந்தால் நல்லது. வேண்டாம் என்று தலையை உதறுவார். அடுத்த நிமிஷமே தெருக் குழாய்கள் இரண்டில் எதன் சொட்டு முதலில் விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

ஆஸ்பத்திரியில் ஐவி என்கிற நர்ஸ் இருந்தாள். மைசூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். பேச்சில் பாதி கன்னடம் கலந்திருக்கும். மேஸ்திரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, மாதம்மாவுக்கு அடுத்த மூன்றாம் நம்பர்க் கட்டில் காலியாக இருக்கிறதே, அதில் இருந்தவர்கள் நல்லபடியாக வீட்டுக்குப் போனார்களா என்று விசாரித்தார். அவர் சகுனம் பார்க்கிறார் என்று அவளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"கட்டில் எல்லாம் ஒரே இரும்பு அண்ணா," என்றாள். "சும்மனே தலை கெடுத்துக்காதீங்க. அக்காவுக்குப் பால் வாங்கிட்டு வாங்க, அது யூஸ்."

ஒன்பதாம் நாள் கடையில் ஒரு கல்யாணக் கோட்டு வெட்ட வேண்டியிருந்தது. நல்ல கம்பளித் துணி, சாம்பல் நிறம். மாப்பிள்ளை வீட்டார் இரண்டு தரம் ஆள் அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாகக் கேட்காமல் வெட்டப்போகிற கம்பளி. மேஸ்திரி சாக்குக் கட்டியால் கோடு போட்டார், மூச்சைப் பிடித்துக்கொண்டு கத்தரிக்கோலை இறக்கினார். முதுகு சரியாக வந்தது. முன்பாகம் இரண்டும் சரியாக வந்தன. கோட்டுக் கைகளை வெட்டி மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டபோதுதான் தெரிந்தது. ஒரு கையை வெட்டிவிட்டு வார்ப்பு அட்டையைத் திருப்பிப் போட மறந்திருக்கிறார். இரண்டும் இடது கை.

தொழில் கற்கிறவன் முதல் மாசம் செய்கிற தப்பு. பசவராஜ் எட்டிப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தார். மாப்பிள்ளைக்குச் சீர் வாங்க மட்டும் வலது கை வேண்டுமே மேஸ்திரி என்றார். மேஸ்திரி சிரிக்கவில்லை. அவர் கண்ணுக்கு மேஜையில் கிடந்தது கோட்டுக் கை அல்ல. இடது, அதுவும் இரண்டு. மறுநாள் காலை ஆபரேஷன்.

கத்தரிக்கோலைப் போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

மாதம்மா தலையணைகளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஐவி கையெழுத்துக் காகிதத்தை அட்டையில் செருகிக்கொண்டு நின்றாள். கணவன் கையெழுத்துப் போட்டால்தான் நாளைக்கு உள்ளே கொண்டுபோவார்கள். மேஸ்திரி பேனாவை வாங்கவில்லை. வேண்டாம், வீட்டுக்குப் போய்விடலாம், இன்றைக்கு ஒன்று நடந்துவிட்டது என்றார். என்ன நடந்தது என்று மாதம்மா கேட்டாள். சொன்னார்.

அவள் முகம் ஒரு மாதிரி கோணியது. அழப்போகிறாள் என்று நினைத்தார். அவளோ சிரித்தாள். சிரிப்பு கழலையில் மோதி இருமலாக மாறி, ஐவி முதுகைத் தடவிவிட்ட பிறகும் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது.

"ரெண்டும் எடதுங்களா?"

"ரெண்டும்."

"என்ற கழுத்துக்கும் அந்தக் கோட்டுக்கும் என்னங்க சம்பந்தம்?"

பதில் இருக்கிறது என்றுதான் கடையிலிருந்து ஓடிவந்தார். அவள் கேட்டதும் அது வாய்க்குள்ளேயே உதிர்ந்துவிட்டது.

"எனக்கும் பயந்தானுங்க," என்றாள் மாதம்மா, சிரிப்பு அடங்கியதும். "நேத்தெல்லாம் வேண்டாம்னு சொல்லிப்போடலாம்னு இருந்துச்சு. இந்தவாட்டி நானா ஆகட்டும்னு சொல்லியிருக்கறன். நீங்க அதக் கெடுத்துப்போடாதீங்க."

மேஸ்திரி பேனாவை வாங்கினார். கை வேர்த்திருந்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு, தமிழில், ஒவ்வொரு எழுத்தாக, ஆறுமுகசாமி என்று எழுதினார். இதைவிடப் பெரிய வெட்டு எதையும் அவர் வெட்டியதில்லை.

அங்கிருந்து நேரே துணிக்கடைத் தெருவுக்குப் போனார். அந்தச் சாம்பல் கம்பளியில் இன்னும் முக்கால் கஜம் கிடைக்குமா என்று நாலு கடை ஏறி இறங்கினார். நாலாவது கடையில் இருந்தது. பொழுது சாய்வதற்குள் வலது கையை வெட்டிக் கொடுத்தார். வெட்டுவதற்கு முன் வார்ப்பை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார், அதற்குமேல் பார்க்கவில்லை. தப்பு நடந்தால் இப்படித்தான், நாலு கடை ஏறினால் போதும் என்பது ஒரு புதுச் செய்தியாக அவருக்குள் இறங்கியது. சில தப்புகளுக்கு எந்தக் கடையிலும் மாற்றுத் துணி கிடைக்காது என்பதும் தெரிந்துதான் இருந்தது. அதையும் வைத்துக்கொண்டே மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

கதவுக்குள் அவளைக் கொண்டுபோய் இரண்டரை மணி நேரம். வராந்தாவில் போகிறவர்கள் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள் என்று பார்க்கக் கண் துடித்தது. கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணுக்குள்ளே, அவள் செத்துப்போனால் நான் போட்ட கையெழுத்து என்று நினைத்துப் பார்த்தார். பயங்கரமாக இருந்தது. ஆனால் அந்தப் பயத்துக்குள் அவளும் இருந்தாள். சுவரில் சாய்ந்து மூச்சுக்குத் திணறிய மூன்று மாசமும் இருந்தது. பூவுக்கு எதிரே உட்கார்ந்திருந்த காலைகளில் ஒருநாள்கூட இவ்வளவு கிட்டத்தில் அவளை நினைத்ததில்லை.

டாக்டர் வெளியே வந்து, கட்டி முழுசாக வந்துவிட்டது, நெருக்கிக்கொண்டிருந்த குழாய் இப்போது தாராளமாக இருக்கிறது என்று கன்னடத்தில் சொன்னார். மேஸ்திரி கும்பிட்டார்.

மூன்று நாள் மாதம்மாவுக்குக் குரல் வரவில்லை. வெறும் காற்றுதான் வந்தது. குரல் போயே போய்விடுமோ என்று மேஸ்திரி கலங்கினார். நாலாம் நாள் கரகரவென்று ஒரு சத்தம் வந்தது. அதில் அவள் முதலில் சொன்னது, கஞ்சியில் உப்பு இல்லை என்பதுதான். ஐவி அதை வார்டு முழுக்கச் சொல்லிச் சிரித்தாள். அன்றைக்கு மத்தியானம் மாதம்மா மல்லாந்து படுத்தாள். மூச்சில் விசில் இல்லை. தூங்குகிறவளைப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து மேஸ்திரி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தையல் பிரித்த அன்று டாக்டர் வந்து காயத்தைப் பார்த்தார். சனிக்கிழமை வீட்டுக்குப் போகலாம், இல்லை, இரண்டு நாள் இருந்து திங்கட்கிழமை போனாலும் சரி, இரண்டிலும் கெடுதல் இல்லை, உங்கள் இஷ்டம் என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

ஐவி நோட்டில் குறித்துக்கொள்ளக் காத்திருந்தாள். உங்கள் இஷ்டம் என்ற சொல்லைக் கேட்டதும் மேஸ்திரிக்குப் பழைய வேர்வை திரும்ப வந்தது. பார்வை தன்னால் வார்டைச் சுற்றியது. எதிர்க் கட்டிலில் தொங்கிய துண்டு, மேஜையில் இருந்த மருந்துப் புட்டிகள், கூரையில் ஓடிய பல்லி. பல்லி வலப்பக்கம் போகிறதா என்று ஒரு கணம் பார்த்தும்விட்டார். பிறகு வெட்கப்பட்டவர்போலக் கீழே குனிந்தார். மாதம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கழுத்தில் கட்டு. அதற்கு மேலே, இத்தனை மாசம் கழித்து, சிரமமில்லாத முகம்.

ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"உனக்கு எப்பப் போவோணும்?" என்று கேட்டார்.

பதினேழு வருஷக் குடித்தனத்தில் அந்தக் கேள்வியை மாதம்மா அவரிடமிருந்து கேட்டதில்லை. அதைக் கொஞ்சம் அனுபவிக்க வேண்டும்போல இருந்தது. ஐவி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, அவசரம் இல்லை என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"சனிக்கெழம," என்றாள் மாதம்மா கரகரத்த குரலில். "நடந்தே வாரன். ஊட்டு வரைக்கும் மூச்சு வாங்காம நடக்க முடியுதான்னு பாக்கோணும்."

மேஸ்திரி எழுந்து, சனிக்கிழமை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார்.